மூன்றே முக்கால் சுற்று

(பாடசாலையின் நூற்றாண்டையொட்டிக் கிளிநொச்சியில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், இளைப்பாறிய உடற்கல்வி ஆசிரியையான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



பாடசாலையின் விளையாட்டுப் பாரம்பரியம் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டார். எந்த ஆண்டு எந்தக் கிண்ணம் என்ற பட்டியலை நான் வாசிக்கப் போவதில்லை. அது மலரில் வருகிறது. இடப்பெயர்வுகளில் கிண்ணங்கள் போய்விட்டன, பட்டியலாவது மிஞ்சியிருக்கிறதே என்று ஆறுதல் பட்டுக்கொள்வோம். நான் ஒரேயொரு ஓட்டத்தைப் பற்றிப் பேசுகிறேன். அது எங்கள் பாடசாலை ஓடிய ஓட்டமும் அல்ல.

2023 நவம்பரில் பிலிப்பைன்ஸில் மூத்தோருக்கான மெய்வல்லுநர் போட்டி ஒன்று நடந்தது. அதில் பெண்களுக்கான 1,500 மீற்றர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர் முல்லைத்தீவு மாவட்டம் முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா. அப்போது அவருக்கு வயது 72. அதே போட்டியில் 5,000 மீற்றர் வேகநடையிலும் தங்கம், 800 மீற்றரில் வெண்கலம். முள்ளியவளை எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாங்குளத்தில் திரும்பி முல்லைத்தீவு வீதியால் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிறவர்கள் கடந்து போகிற ஊர். அந்த ஊரில் இருந்து ஒருவர் கடல் கடந்து போய்த் தங்கம் எடுத்து வந்தார். பத்திரிகைகள் படம் போட்டன. நாங்களும் கைபேசியில் ஆளுக்காள் அனுப்பி, "பாருங்கோவன் இந்த வயசில" என்று சொன்னோம். அதோடு முடிந்தது.

எனக்கு அது அதோடு முடியவில்லை. நான் உடற்கல்வி படிப்பித்தவள், கணக்குப் பார்க்கிற பழக்கம் போகாது. 2023 இல் 72 என்றால் 1968 இல் அவருக்கு 17. பாடசாலையில் ஓடுகிற வயது. அந்த ஆண்டு மெக்சிகோவில் ஒலிம்பிக் நடந்தது. அங்கே பெண்கள் ஓடக்கூடிய ஆகக்கூடிய தூரம் 800 மீற்றர், இரண்டு சுற்று. 1,500 மீற்றர் ஓட்டம் பெண்களுக்கு இருக்கவே இல்லை. அவர் 72 வயதில் வென்ற ஓட்டம் அவருடைய 17 வயதில் ஒலிம்பிக்கில் ஒரு பெண்ணுக்கும் அனுமதிக்கப்படாத ஓட்டம். இதைத்தான் நான் இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் இருக்கவில்லை என்று கேட்டால், கதை எங்கள் பாடசாலை தொடங்கிய காலத்துக்குப் போகும். 1928 இல் அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதன்முதலாக மெய்வல்லுநர் நிகழ்ச்சிகள் வைத்தார்கள். அதில் 800 மீற்றரும் ஒன்று. இறுதி ஓட்டத்தில் ஒன்பது பேர். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலக சாதனையோடு முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்தவர் ஜப்பானின் கினுவே ஹிட்டோமி. அவர் குறுந்தூர ஓட்டமும் பாய்தலும் செய்கிறவர். 100 மீற்றரில் தோற்றுப்போய், வெறுங்கையோடு ஊர் திரும்ப மனமில்லாமல், பழக்கமில்லாத 800 மீற்றரில் போய் நின்றார். ஓடி முடித்ததும் சிலர் புல்லில் விழுந்து படுத்தார்கள். எங்கள் இல்ல விளையாட்டுப் போட்டியில் பெடியங்கள் 400 மீற்றர் ஓடிவிட்டு எப்படி விழுந்து கிடப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். யாரும் அதைப் பார்த்து ஆண்களின் 400 மீற்றரை நிறுத்துவோம் என்று சொன்னதில்லை. ஆனால் அம்ஸ்டர்டாமில் பெண்கள் விழுந்ததைப் பத்திரிகைக்காரர் பெரிய பரிதாபக் காட்சியாக எழுதினார்கள். பாதிப்பேர் ஓடி முடிக்கவில்லை என்றுகூட எழுதினார்கள். உண்மையில் ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். இந்தத் தூரம் பெண்ணின் உடம்புக்கு ஆகாது, இளமையிலேயே முதுமை வந்துவிடும், பிள்ளைப்பேற்றுக்குக் கூடாது என்று படித்தவர்களும் சொன்னார்கள். 800 மீற்றரை எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வந்தது 1960 இல், ரோமில். முப்பத்திரண்டு ஆண்டுகள்.

1,500 மீற்றர் வந்தது 1972 மியூனிக்கில். சோவியத் யூனியனின் லுத்மிலா பிராகினா முதற்சுற்றில் ஓர் உலக சாதனை, அரையிறுதியில் இன்னொன்று, இறுதியில் 4 நிமிடம் 1.4 விநாடியோடு மூன்றாவது. கதவைத் திறந்துவிட்டால் எப்படி ஓடுவார்கள் என்பதற்கு அந்த ஒரு கிழமை போதும். பிறகு 1984 லொஸ் ஏஞ்சல்ஸில் 3,000 மீற்றரும் மரதனும், 1988 சோலில் 10,000 மீற்றர், 1996 அட்லாண்டாவில் 3,000 மீற்றருக்குப் பதிலாக 5,000 மீற்றர். தடை தாண்டும் 3,000 மீற்றர் 2008 வரை காத்திருந்தது. நான் சாதாரண தரம் படிக்கும்போது ஒலிம்பிக்கில் 5,000 மீற்றரும் 10,000 மீற்றரும் பெண்களுக்கு இல்லை. நான் உடற்கல்வி ஆசிரியையாக நியமனம் பெற்றபோதும் இல்லை.

லொஸ் ஏஞ்சல்ஸ் மரதனில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். சுவிட்சர்லாந்துக்காக ஓடிய கபிரியேலா அண்டர்சன் ஷீஸ், 39 வயது. வெப்பத்தில் களைத்து, ஒரு பக்கம் சரிந்து, கால் பின்னிப் பின்னி மைதானத்துக்குள் வந்தார். யாராவது தொட்டால் போட்டியில் இருந்து நீக்கப்படுவார். வைத்தியர்கள் பக்கத்தில் போய்ப் பார்த்தார்கள். உடம்பு வியர்க்கிறது, ஆபத்து எல்லையைத் தாண்டவில்லை என்று கண்டு விட்டுவிட்டார்கள். கடைசி 400 மீற்றருக்கு ஐந்தே முக்கால் நிமிடம் எடுத்தது. 37 ஆவது இடம். சனம் எழும்பி நின்று கை தட்டியது. 1928 இல் விழுந்ததற்குக் கிடைத்தது தடை, 1984 இல் கிடைத்தது கைதட்டல். இரண்டுக்கும் இடையில் பெண்ணின் உடம்பு மாறவில்லை, பார்த்தவர்கள்தான் மாறியிருந்தார்கள்.

இனி என்னுடைய பங்கைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு ஒப்புக்கொண்டேன்.

எங்களுடைய காலத்து விளையாட்டுப் போட்டி மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இல்ல அலங்காரம், அணிநடை, தேசிக்காய் கரண்டி ஓட்டம், ஊசியில் நூல் கோத்து ஓடுதல், மெதுவான சைக்கிள் ஓட்டம். பெண் பிள்ளைகளுக்கு 100, 200, அஞ்சல் ஓட்டம். அதற்கு மேல் ஓடினால் "ஆம்பிளைப் பிள்ளை மாதிரி" என்ற பேர் வரும். அப்படி வளர்ந்துதான் நான் ஆசிரியையானேன். 1985 அளவில், கிளிநொச்சி தனி மாவட்டமாக வந்து ஓரிரு ஆண்டுகளில், வன்னியில் ஒரு கிராமப் பாடசாலையில் இருந்தேன். அங்கே ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை. குடியேற்றத் திட்டத்தில் வீடு, வாய்க்கால் கரையால் தினமும் நடந்தும் ஓடியும் வருவாள். மழைக் காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருவாள். பெடியங்கள் 1,500 மீற்றர் பழகும்போது வெளிக்கரையில் தானும் சேர்ந்து ஓடுவாள். அங்கே 200 மீற்றர் மைதானம்தான் போடலாம், அப்படியென்றால் ஏழரைச் சுற்று. நான் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு நாள் ஏழரைச் சுற்றும் ஓடி, இரண்டு பெடியங்களுக்கு முன்னால் வந்து நின்றாள். பெரிதாக மூச்சு வாங்கவும் இல்லை.

"மிஸ், நானும் உதில ஓடட்டோ?" என்று கேட்டாள்.

நான் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "உது பொம்பிளைப் பிள்ளையளுக்குக் கூடப் பிள்ளை. நாளைக்குக் கலியாணம் காட்சி எண்டு வரேக்க கஷ்டம். நீ இருநூறு ஓடு."

அவள் 200 மீற்றர் ஓடினாள். நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வந்தாள். அடுத்த வருடம் ஓடவில்லை. நான் அவளைப் போட்டியில் சேர்க்கும்படி மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கலாம். பெண்களுக்கென்று ஓர் ஓட்டம் வைத்திருக்கலாம், ஒருத்தி மட்டும் ஓடினாலும் வைத்திருக்கலாம். அதற்கு முந்தின வருடம்தான் லொஸ் ஏஞ்சல்ஸில் பெண்கள் இருபத்தாறு மைல் ஓடியிருந்தார்கள். பத்திரிகையில் நானும் படித்திருந்தேன். படித்தது வேறு, நம்பியது வேறு. அம்ஸ்டர்டாமில் யாரோ எழுதின பொய், ஐம்பத்தேழு வருடம் கழித்து, வன்னியில் ஒரு வாய்க்கால் கரையில் என்னுடைய வாயால் வந்தது.

2010 இல் மீள்குடியேற்ற காலத்தில், நிவாரண அரிசிக்கு நின்ற வரிசை ஒன்றில் அவளைக் கண்டேன். அவள்தான் என்னை அடையாளம் கண்டாள். மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளை அவளுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பழைய கதைகள் கதைத்தோம். பரந்தன், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று அவர்கள் போன பாதையைச் சொன்னாள். அதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, இங்கே இருக்கிறவர்களில் அரைவாசிப்பேர் அதே வழியால் போனவர்கள். பிறகு சிரித்துக்கொண்டு சொன்னாள்:

"இவனைத் தூக்கிக்கொண்டு, மாமியையும் பிடிச்சுக்கொண்டு நடந்தனான் மிஸ். ஏழரைச் சுற்று எனக்குக் கூட எண்டு நீங்கள் சொன்னது ஒருக்கா ஞாபகம் வந்தது."

அவள் குறையாகச் சொல்லவில்லை. பகிடியாகத்தான் சொன்னாள். என்னால் திரும்பிச் சிரிக்க முடியவில்லை. அவளுடைய பெயரை நான் சொல்லமாட்டேன்.

நெடுந்தூர ஓட்டம் என்றால் என்ன என்று ஓடாதவர்களுக்கும் கொஞ்சம் சொல்கிறேன். 2010 இல் குவாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் பெண்களுக்கான 10,000 மீற்றரில் கேரளத்தின் இடுக்கியைச் சேர்ந்த பிரீஜா ஸ்ரீதரன் தங்கம் வென்றார். நேரம் 31 நிமிடம் 50.47 விநாடி. வெள்ளி வென்றவர் நாசிக் பக்கத்து ஆதிவாசிக் கிராமமான சாவர்பாடாவில் பிறந்த கவிதா ராவுத், 31 நிமிடம் 51.44 விநாடி. இருபத்தைந்து சுற்று ஓடியும் இருவருக்கும் இடையில் ஒரு முழு விநாடிகூட இல்லை. இதில் பார்க்கவேண்டியது கடைசி விநாடியை அல்ல. 31:50 ஐ இருபத்தைந்தால் பிரித்துப் பாருங்கள், ஒரு சுற்றுக்கு 76 விநாடி சொச்சம். எங்கள் வலயமட்டப் போட்டியில் 400 மீற்றரை 76 விநாடியில் ஓடி முடித்துவிட்டு, தண்ணீர் கொண்டு வா, சோடா கொண்டு வா என்று பிள்ளைகள் படுத்துக் கிடப்பதைக் கண்டிருக்கிறேன். அதே வேகத்தில் இருபத்தைந்து தரம். இன்றைய உலக சாதனை கென்யாவின் பியற்றிஸ் செபெற்றுடையது, 2024 இல் 28 நிமிடம் 54.14 விநாடி. அது சுற்றுக்கு 70 விநாடிக்கும் குறைவு. அவரே 2025 செப்டெம்பரில் தோக்கியோ உலகப் போட்டியில் 10,000, 5,000 இரண்டிலும் தங்கம் எடுத்தார். 5,000 மீற்றரில் கடைசி நேர்ப்பாதையில்தான் ஃபெய்த் கிப்யெகோனை முந்தினார்.

தமிழ்ப் பிள்ளை யாரும் இல்லையோ என்று கேட்பீர்கள். புதுக்கோட்டையைச் சேர்ந்த சூரியா லோகநாதன் இருக்கிறார். 2016 இல் குவாஹாத்தியில் நடந்த தெற்காசிய விளையாட்டு விழாவில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம். எங்கள் நாட்டில் வலலையில் படித்த தருஷி கருணாரத்ன 2023 ஒக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 800 மீற்றர் தங்கம் எடுத்தார். 2002 க்குப் பிறகு இலங்கைக்கு ஆசிய விளையாட்டு மெய்வல்லுநரில் கிடைத்த முதல் தங்கம். அவருக்கு அப்போது 18 வயது, பாடசாலைப் பிள்ளை. அடுத்த மாதம் அகிலத்திருநாயகி அம்மா. ஒக்டோபரில் பதினெட்டு, நவம்பரில் எழுபத்திரண்டு. அந்த இரண்டு வயதுக்கும் நடுவில் இருக்கிற நாங்கள் எல்லோரும் எங்கே நின்றோம்?

100 மீற்றருக்கு நல்ல தடம் வேண்டும், ஆணிச் சப்பாத்து வேண்டும், புறப்படும் கட்டை வேண்டும். கொழும்பில் சுகததாச அரங்கின் செயற்கைத் தடத்தில் பழகுகிற பிள்ளையோடு எங்கள் கிறவல் நிலத்துப் பிள்ளை போட்டியிடுவது கஷ்டம். நெடுந்தூரம் அப்படியல்ல. கவிதா ராவுத் வெறுங்காலோடு ஓடிப் பழகியவர். ஒரு வீதி இருந்தால் போதும், ஒரு வாய்க்கால் கரை இருந்தால் போதும், இரணைமடுக் கட்டு இருக்கிறது. வெய்யிலும் மணலும் எங்கள் பிள்ளைகளுக்குப் புதிதும் அல்ல. ஆனால் இது கேட்கிற ஒன்று எங்கள் பிள்ளைகளிடம் இல்லை, நேரம். இருதயமும் சுவாசமும் பழகுவதற்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில், கிழமையில் ஐந்தாறு நாள் ஓடவேண்டும். விடியப் பிள்ளை எழும்பினால் தண்ணீர் அள்ளவேண்டும், முற்றம் கூட்டவேண்டும், தம்பி தங்கையை வெளிக்கிடுத்த வேண்டும். பின்னேரம் ரியூசன். அதுவும் முடிந்தால் பொழுது பட்டுவிடும். பொழுது பட்ட பிறகு ஒரு பெண் பிள்ளை வீதியில் தனியே ஓட முடியாது. ஓடினால் நாய் துரத்தும், நாயை விட மோசமானவையும் துரத்தும். தாய்மார் மறிப்பது அவர்களுடைய பிழையும் அல்ல. அதனால் எங்கள் பிள்ளைகள் பதினைந்து, பதினாறு வயதில், சாதாரண தரப் பரீட்சையைச் சாட்டாக வைத்து நிற்கிறார்கள். நெடுந்தூர ஓட்டக்காரிக்கு அது தொடங்குகிற வயது. கவிதாவும் பிரீஜாவும் குவாங்சோவில் ஓடும்போது இருபதுகளின் நடுவைத் தாண்டிவிட்டார்கள்.

வேகநடை பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பிள்ளைகள் இடுப்பை ஆட்டி நடப்பதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் மாகாணமட்டத்தில் நடை நடுவராக நின்றிருக்கிறேன், அது சிரிக்கிற விசயம் அல்ல. எந்த நேரமும் ஒரு பாதம் நிலத்தில் இருக்கவேண்டும். முன்னே வைத்த கால், நிலத்தைத் தொட்ட கணத்தில் இருந்து உடம்புக்கு நேர் கீழே வரும்வரை முழங்கால் மடியக்கூடாது. மூன்று நடுவர்கள் சிவப்பு அட்டை எழுதினால் வெளியே போகவேண்டும். இப்போது யோசியுங்கள், இங்கே முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசாதவர் எத்தனை பேர்? அந்த விதியோடு 5,000 மீற்றர், பன்னிரண்டரைச் சுற்று, எழுபத்திரண்டு வயதில். 1,500 மீற்றர் தங்கத்தை விட அந்த நடைத் தங்கம்தான் எனக்குப் பெரிது. மூத்தோர் போட்டிகளில் ஐந்து ஐந்து வயதாகப் பிரித்து ஓட விடுவார்கள் என்பதும் உண்மை, எழுபதுக்கு மேல் போட்டியாளர் குறைவு என்பதும் உண்மை. "ஆக்கள் இல்லாமல்தானே வென்றவ" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். ஆக்கள் ஏன் இல்லை என்று அவர் கேட்கவில்லை. அந்த வயதுப் பெண்களை யார் ஓட விட்டது, அவர்கள் வந்து நிற்பதற்கு?

சங்கத்திடம் சில காரியங்கள் கேட்க வந்திருக்கிறேன். கிண்ணம் வாங்கித் தரவேண்டாம், இருக்கிறவற்றுக்கே அலுமாரி போதாது.

பெண்களுக்கான 1,500 மீற்றரும் 3,000 மீற்றரும் பெரும்பாலும் பிரதான நாளுக்கு முதல், யாரும் பார்க்காத நேரத்தில் ஓடி முடிக்கப்படுகின்றன. அல்லது வெய்யில் உச்சிக்கு வந்த பிறகு வைக்கப்படுகின்றன. ஒருமுறை ஒரு போட்டியில் சுற்று எண்ணுகிறவர் யாரோடோ கதைத்து எண்ணிக்கையைத் தவறவிட்டு, முன்னுக்கு ஓடிய பிள்ளையை ஒரு சுற்று மேலதிகமாக ஓட வைத்தார். மணி அடிக்கவில்லை. அது முதலாவது, தான் முடித்துவிட்டேன் என்று சொல்லப் பயந்து ஓடியது, மேலதிகச் சுற்றில் இரண்டு பேர் முந்திவிட்டார்கள். அந்தப் பிள்ளை மூன்றாவது. எழுதியது எழுதியதுதான் என்றார்கள். ஆகவே முதலாவது வேண்டுகோள்: நெடுந்தூர ஓட்டங்களுக்குச் சங்கத்தில் இருந்து இரண்டு பேர் சுற்று எண்ணும் பலகையோடும் மணியோடும் வந்து நில்லுங்கள். ஒருவர் எழுத, ஒருவர் பார்க்க. கணக்காளர்கள், வங்கியில் வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள், எட்டு வரை எண்ணத் தெரியாதா?

இரண்டாவது, விடிகாலை. இந்த ஊரில் சைக்கிள் ஓடத் தெரிந்த பழைய மாணவிகள் நிறையப் பேர். கிழமைக்கு மூன்று நாள், காலை ஐந்தரை தொடங்கி ஆறரை வரை, பிள்ளைகள் ஓட, பின்னால் இரண்டு பேர் சைக்கிளில் போனால் போதும். தாய்மார் விடுவார்கள். நான் ஐந்து வீடுகளுக்குப் போய்க் கேட்டுவிட்டேன். நாலு தாய்மார், "நீங்கள் கூடப் போறதெண்டால் விடுறன் ரீச்சர்" என்றார்கள். ஐந்தாவது தாய், தானும் வந்து நடக்கலாமோ என்று கேட்டார். ஓடும் சப்பாத்துக்குப் புலம்பெயர்ந்த தோழிகள் காசு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், நல்லது. ஆனால் சப்பாத்து ஓடாது. கூடப் போக ஆள் வேண்டும்.

மூன்றாவது, வருகிற விளையாட்டுப் போட்டியில் பழைய மாணவிகளுக்கான நிகழ்ச்சி. வருடா வருடம் எங்களுக்குச் சங்கீதக் கதிரை வைக்கிறார்கள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதிரையைச் சுற்றி ஓடுகிறோம், எல்லோரும் சிரிக்கிறார்கள், ஒரு பிளாஸ்ரிக் வாளி பரிசு. இந்த நூற்றாண்டு ஆண்டில் அதை நிறுத்திவிட்டு, நாற்பது வயதுக்கு மேற்பட்ட பழைய மாணவிகளுக்கு 1,500 மீற்றர் வையுங்கள் என்று அதிபரிடம் கேட்டிருக்கிறேன். அவர் யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். பெயர் இருந்தால் யோசிப்பது சுகம். ஓடலாம், நடக்கலாம், ஓடி நடந்து ஓடலாம். காலை ஆறரைக்குத் தொடங்கும், வெய்யிலுக்கு முதல் முடியும். இருதய வருத்தம், பிரஷர், சீனி உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். இது பகிடி இல்லை, கட்டாயம். சேலை வேண்டாம். மகளின் ரீசேர்ட்டும் காற்சட்டையும் போதும், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

நான் சொன்ன அந்தப் பிள்ளைக்கு இப்போது ஐம்பத்தைந்து. அவள் எங்கள் பாடசாலையில் படித்தவள் அல்ல, ஆகவே இந்த ஓட்டத்துக்கு உரியவள் அல்ல. அவளுடைய மகள் இங்கேதான் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். சென்ற தவணையில் 800 மீற்றர் ஓடினாள். காலை ஓட்டத்துக்குக் கேட்டுப் போன ஐந்து வீடுகளில் அதுவும் ஒன்று.

பெயர் கொடுக்கிறவர்களுக்காகத் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் கொப்பியும் பேனையுமாக நிற்பேன். முதலாவது பெயராக என்னுடையதை எழுதியிருக்கிறேன். எனக்கு 66. இரண்டாவது இடம் காலியாக இருக்கிறது.